டிராக்டருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

சரக்கு மற்றும் சேவை வரி விகிதங்கள் 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி மாற்றியமைக்கப்பட்டபோது, டிராக்டருக்கான வரி 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. டிராக்டர் டயருக்கும் டியூபுக்கும் 18 விழுக்காடாக இருந்த வரி 5 விழுக்காடாயிற்று. இவ்விரண்டும் தலைப்புச் செய்திகளாயின. மண்ணைப் பண்படுத்தும் வேளாண் கருவிகளுக்கும் அதே நாளில் வரி 12-லிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது என்பதைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு. டிராக்டரை வாங்குவதைப் பற்றியே நாம் பேசிப் பழகிவிட்டோம். அதன் பின்னால் எதை மாட்டுவது என்பதைப் பற்றிப் பேசுவதில்லை.

இந்தியாவில் 2024-25-இல் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் விற்பனையாயின. மறுபுறம், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஒரு விவசாயியின் சராசரி நில அளவு நாடு முழுவதற்கும் 1.08 ஹெக்டேர், தமிழ்நாட்டில் 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் குறைவான நிலத்துக்கு 45 குதிரைத்திறன் டிராக்டர் மிகை என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே, டிராக்டர் வைத்திருப்பவர் அடுத்தவர் நிலத்திலும் உழைத்தாக வேண்டும். டிராக்டர் கடனைக் கணக்கிடும் வங்கிகள், ஆண்டுக்கு 1,000 மணி நேர உழைப்பை ஓர் அடிப்படை அளவாகக் கொள்வது நெடுநாள் வழக்கம். அந்த 1,000 மணி நேரத்தை எட்டும் டிராக்டர்கள் எங்கள் பகுதியில் எத்தனை என்று கேட்டால், விரல்விட்டு எண்ணிவிடலாம்.

காரணம் எளியது. பெரும்பாலான டிராக்டர் உரிமையாளர்களிடம் இருப்பவை மூன்றே உருப்படிகள்: கல்டிவேட்டர், ரோட்டவேட்டர், டிரெய்லர். உழவுக் காலத்தில் முதலிரண்டும், அறுவடைக் காலத்தில் மூன்றாவதும் ஓடும். இடைப்பட்ட மாதங்களில் டிராக்டர் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு வேப்பமரத்தடியில் நிற்கும். தவணைக்கு அப்படியோர் ஓய்வு கிடையாது. ஒரே ஊரில் பத்துப் பேர் அதே மூன்று உருப்படிகளோடு இருப்பதால், உழவு வாடகையில் ஒருவரோடு ஒருவர் போட்டியிட்டுக் கூலியைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

இந்நிலையில், 'பாக்ஸ் பிளேடு' என்ற எளிய கருவி கவனத்துக்குரியது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் சிறு பண்ணை வைத்திருப்போர் டிராக்டரோடு சேர்த்து வாங்கும் முதல் சில கருவிகளுள் இதுவும் ஒன்று. நம் நாட்டிலும் சில நிறுவனங்கள் இதைச் செய்கின்றன. ஆனால் ஊர்ப்புறத்தில் இதைக் காண்பது அரிது.

கருவியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். மேலும் கீழும் திறந்த ஓர் இரும்புப் பெட்டியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்பக்கமும் திறந்திருக்கும். இரு பக்கங்களிலும் தடித்த தகடுகள். பின்புறச் சுவரின் அடியில் முன்நோக்கி ஒன்றும் பின்நோக்கி ஒன்றுமாக இரண்டு வெட்டு விளிம்புகள். பெட்டியின் முன்பகுதியில் குறுக்காக ஒரு சட்டம்; அதில் கலப்பைக் கொழுவைப் போல இறங்கும் நான்கைந்து பற்கள். பற்களை வேண்டிய ஆழத்துக்கு இறக்கலாம், வேண்டாதபோது தூக்கிவிடலாம். டிராக்டரின் மூன்று முனை இணைப்பில் மாட்டினால் வேலை தொடங்கிவிடும். சுழலும் பாகம் இல்லை, பி.டி.ஓ. தண்டு தேவையில்லை, பற்சக்கரப் பெட்டியோ எண்ணெய்க் குழாயோ இல்லை. பெரும்பாலும் தேய்வது வெட்டு விளிம்பே. அதையும் போல்ட்டைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொள்ளலாம்.

பற்கள் இறுகிய மண்ணைக் கீறுகின்றன. முன் விளிம்பு அதைச் சீவுகிறது. சீவிய மண் பெட்டிக்குள் தங்கி டிராக்டரோடு நகர்கிறது. பள்ளம் வரும் இடத்தில் தானாக உதிர்ந்து நிரப்புகிறது. நம் பட்டறைகளில் 'லெவலர்' என்ற பெயரில் செய்துதரும் தட்டையான பிளேடுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்தப் பக்கத் தகடுகளில் இருக்கிறது. தட்டைப் பிளேடு மண்ணைத் தள்ளும்போது இரு ஓரங்களிலும் மண் வழிந்து புதிய வரப்புகள் உண்டாகும். அவற்றை நிரவ மறுபடி ஓட்ட வேண்டும். பெட்டியோ மேட்டின் மண்ணைச் சிந்தாமல் பள்ளம் வரை கொண்டுசேர்க்கும். மாடு பூட்டிப் பரம்படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பரம்புப் பலகையின் மீது ஆள் ஏறி நின்று எடை கொடுத்த இடத்தில், இங்கே இரும்பின் எடை நிற்கிறது.

இக்கருவியால் நம் ஊருக்கு என்ன பயன் என்று கேட்பவர்களை ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன்.

தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரி, குளங்கள் உள்ளன. அவற்றில் படிந்த வண்டல் மண்ணை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு சில ஆண்டுகளாகவே உண்டு. 2024 ஜூலையில், அதற்கான அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே இணையவழியில் பெறலாம் என்று அரசு எளிமையாக்கியது. நன்செய்க்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் என்பது வகுக்கப்பட்ட அளவு. டிராக்டர் கணக்கில் முறையே 25 நடை, 30 நடை. ஏரியும் ஆழமாகிறது, நிலமும் வளமாகிறது என்ற வகையில், அண்மைக் காலத்தில் வேளாண்மைக்காக எடுக்கப்பட்ட நல்ல முடிவுகளில் ஒன்று இது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால், மண் நிலத்துக்கு வந்து சேர்ந்த பிறகு என்ன நடக்கிறது? விழுப்புரம் மாவட்டத்தில் எங்கள் பகுதியில் நான் பார்த்தவரை, கோடையில் கொட்டிய வண்டல் குவியல்கள் ஆடி பிறந்த பிறகும் அப்படியே கிடக்கின்றன. ஏரியில் மண் அள்ளிய பொக்லைன் இயந்திரத்தையே நிலத்துக்கும் அழைத்து நிரவச் சொன்னால், மணிக்கு ஆயிரம் ரூபாய்க்குக் குறையாமல் வாடகை கேட்கிறார்கள். அதுவும் இரண்டு மணி நேரத்துக்குக் குறைந்த வேலைக்கு வருவதில்லை. ஆள் விட்டு மண்வெட்டியால் நிரவக் கூலிக்கு ஆள் இல்லை. முடிவில், மேல்மழை பெய்து குவியல் கரைந்தோடியதும், மிச்சத்தை ரோட்டவேட்டர் விட்டுக் கலக்கிவிடுகிறார்கள். குவியல் கிடந்த இடத்தில் பயிர் கருகருவென்று வளர்ந்து சாய்கிறது. மற்ற இடங்களில் வழக்கம்போல் சோனியாக நிற்கிறது.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் சிக்கல் தெளிவாகும். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். 75 கன மீட்டர் மண்ணை அதில் சீராகப் பரப்பினால் கிடைக்கும் கனம் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. புன்செய்க்குரிய 90 கன மீட்டருக்கு ஏறத்தாழ இரண்டே கால் சென்டிமீட்டர். இத்தனை மெல்லிய போர்வையைப் பொக்லைன் வாளியால் விரிக்க முடியாது. அது பள்ளம் தோண்டப் பிறந்த இயந்திரம். இரண்டு சென்டிமீட்டர் மண்ணை நிலம் முழுக்க இழுத்துப் பரப்புவது சமன்படுத்தும் கருவியின் வேலை.

அதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. ஏக்கருக்கு 25 நடை என்றால் ஒவ்வொரு நடையும் சுமார் 162 சதுர மீட்டருக்கு உரியது. அதாவது, குவியலுக்குக் குவியல் 13 மீட்டர் இடைவெளி விட்டுக் கொட்டினால், எந்தக் குவியலின் மண்ணையும் ஆறேழு மீட்டருக்கு மேல், மூலைக்கு மூலை போனாலும் ஒன்பது மீட்டருக்கு மேல், இழுக்க வேண்டியிராது. டிப்பரை மெல்ல நகர்த்திக்கொண்டே கொட்டினால் குவியலின் உயரமும் குறையும். ஆறடி அகலப் பாக்ஸ் பிளேடு ஓர் இழுப்பில் அரை கன மீட்டருக்கும் குறைவாகவே கொள்ளும் என்றாலும், இந்தத் தூரத்துக்கு அது போதும். மண்ணைக் கொண்டுவந்த டிராக்டரே டிரெய்லரைக் கழற்றிவிட்டுப் பெட்டியை மாட்டிக்கொண்டு அன்று மாலைக்குள் நிரவிவிட முடியும். ஓட்டுநருக்கும் கூடுதல் வருமானம். நிலத்துக்காரருக்கும் இரண்டாவது இயந்திர வாடகை இல்லை. வண்டல் அனுமதிச் சீட்டைக் கையில் கொடுக்கும்போதே, "13 மீட்டருக்கு ஒரு குவியல்" என்று ஒரு வரி அதில் அச்சிட்டுக் கொடுத்தால்கூடப் பாதிச் சிரமம் குறையும் என்பது என் எண்ணம்.

நிலத்தின் மட்டம் என்பது அழகு பற்றியதன்று, தண்ணீர் பற்றியது. ஓர் ஏக்கரில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நிற்க 40 ஆயிரம் லிட்டர் வேண்டும். வயலின் ஒரு மூலை மேடாக இருந்து, அந்த மேடு நனைவதற்காக மற்ற இடங்களில் சராசரியாக ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக நிறுத்த நேர்ந்தால், ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் இரண்டு லட்சம் லிட்டர் வீணாகிறது. விவசாய மின்சாரம் இலவசமாக இருப்பதால் இந்த இழப்பு எந்த ரசீதிலும் தெரிவதில்லை. கிணற்றின் அடிமட்டத்தில்தான் தெரிகிறது. நீர் நிற்காத மேட்டில் களை முந்திக்கொள்கிறது. நீர் தேங்கிய பள்ளத்தில் இளநாற்று அழுகுகிறது. நேரடி நெல் விதைப்பு, இயந்திர நடவு, நீரைக் காயவிட்டுப் பாய்ச்சுதல் என்று வேளாண் துறை பரிந்துரைக்கும் சிக்கன முறைகள் எல்லாமே, நிலம் மட்டமாக இருக்கிறது என்ற அனுமானத்தின் மேல்தான் நிற்கின்றன. அந்த அனுமானம் எத்தனை வயல்களில் உண்மை?

இதற்கு லேசர் சமன்படுத்தி இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். இருக்கிறது. 2001-ஆம் ஆண்டில் மேற்கு உத்தரப் பிரதேசத்தில் அறிமுகமாகி, பஞ்சாப், ஹரியாணா வரை பரவிய அந்தத் தொழில்நுட்பம் பாராட்டுக்குரியது. நெல் - கோதுமை வயல்களில் நடந்த ஆய்வுகள் பாசன நீரில் ஐந்தில் ஒரு பங்கு வரை மிச்சமாவதைக் காட்டின. கண்ணளவில் ஓட்டும் பாக்ஸ் பிளேடு அந்த நுட்பத்தைத் தராது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால், லேசர் கருவியின் விலை லட்சங்களில் இருக்கிறது. வரப்புக்கு வரப்பு மட்டம் மாறும் கால் ஏக்கர், அரை ஏக்கர்த் துண்டுகளில் அது திரும்பவே இடம் போதாது. அந்த லேசர் கருவிக்குள்ளும் மண்ணை இழுப்பது ஒரு பெட்டிதான். ஒளிக்கற்றை அதை ஏற்றி இறக்குகிறது, அவ்வளவே. பெரிய மேடு பள்ளங்களை முதலில் பாக்ஸ் பிளேடால் தணித்துவிட்டுப் பிறகு லேசருக்கு விட்டால், வாடகை மணிகளும் குறையும்.

வயலுக்கு வெளியேயும் இதற்கு வேலை உண்டு. மழைக்குப் பின் நம் வண்டிப்பாதைகளைப் பாருங்கள். இரண்டு சக்கரத் தடங்கள் வாய்க்காலாகிவிடும். நடுவில் புல் முளைத்த திட்டு நிற்கும். கரும்பு ஏற்றிய வண்டி அதில் அச்சு முறிந்து நிற்பதும், பால் கொண்டுபோகும் இருசக்கர வாகனம் சறுக்குவதும் அன்றாடக் காட்சிகள். ஊராட்சி ஜல்லி கொட்டும்வரை காத்திருக்காமல், பற்களை இறக்கித் திட்டைக் கீறி, அந்த மண்ணாலேயே தடங்களை மூடிவிடலாம். கீழ்க் கையின் உயரத்தை ஒரு பக்கம் குறைத்துப் பெட்டியைச் சாய்த்தால், பாதையின் நடு உயர்ந்து இரு ஓரங்களிலும் நீர் வடியும் சரிவு கிடைக்கும். களம் செப்பனிடுவது, மாட்டுக்கொட்டகையின் முன் சேற்றைச் சுரண்டுவது, கரை ஓரங்களைச் சீவுவது என்று பட்டியல் நீளும்.

பிறகு ஏன் இது பரவவில்லை? விற்பனை முறையில் இதற்கான விடை இருக்கிறது என்று கருதுகிறேன். இன்றைய டிராக்டர்கள் எல்லாவற்றின் பின்னாலும் இருக்கும் மூன்று முனை இணைப்பை உருவாக்கியவர் அயர்லாந்தில் பிறந்த பொறியாளர் ஹாரி ஃபெர்குசன். 1920-களில் அதற்கான காப்புரிமைகளைப் பெற்றார். 1939-இல் ஹென்றி ஃபோர்டின் தொழிற்சாலையிலிருந்து அது ஃபோர்டு 9என் என்ற டிராக்டராக வெளிவந்தது. டிராக்டரும் கருவியும் சேர்ந்தே ஒரே இயந்திரம் என்பதுதான் அவர் கருத்து; தம் விற்பனையை அவர் 'ஃபெர்குசன் முறை' என்றே அழைத்தார். அவருடைய பெயரைத் தாங்கிய மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களைச் சென்னையிலிருந்து 1960-களில் டாஃபே நிறுவனம் செய்யத் தொடங்கியது. அந்த மூன்று முனை இணைப்பு தமிழகத்து வயல்களுக்கு வந்து அறுபது ஆண்டுகளாகிவிட்டன. டிராக்டரை வாங்கிக்கொண்ட நாம், கருவியையும் சேர்த்தே பார்க்கும் அந்தச் சிந்தனையைக் கடையிலேயே விட்டுவிட்டோம். இன்று விற்பனை நிலையத்தில் பேசப்படுவது குதிரைத்திறன், முன்பணம், தவணை, பரிசாக என்ன கொடுப்பார்கள் என்பவையே.

மானியத்தின் போக்கும் இதற்கு ஒரு காரணம். 2014-15-இல் தொடங்கப்பட்ட வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின்கீழ் சிறு, குறு விவசாயிகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் 50 விழுக்காடும், ஏனையோருக்கு 40 விழுக்காடும் மானியம் கிடைக்கிறது. கருவிகளின் பட்டியலில் லெவலர் பிளேடும் உண்டு. ஆனால் விண்ணப்பிப்பவரின் நினைவுக்கு வருவது ரோட்டவேட்டர்தான். ஆண்டுதோறும் மண்ணை மாவாக்கும் ரோட்டவேட்டர் உழவு, கத்தியின் ஆழத்துக்குக் கீழே ஒரு கடினத் தட்டை உண்டாக்குகிறது என்று மண்ணியலாளர்கள் எச்சரித்துக்கொண்டே இருக்கிறார்கள். மானியமோ அந்தப் பக்கமே பாய்கிறது.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 7 லட்சம் ரூபாய் அடிப்படை விலையுள்ள டிராக்டரில், வரிக் குறைப்பால் மிச்சமாவது 49 ஆயிரம் ரூபாய். 40 - 45 குதிரைத்திறன் டிராக்டருக்கு ஏற்ற பாக்ஸ் பிளேடு சுமார் 250 கிலோ எஃகு. இரும்பும் வேலைக்கூலியும் சேர்த்துக் கிலோவுக்கு 160 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 40 ஆயிரம் ரூபாய். வெல்டிங் தெரிந்த எந்தப் பட்டறையும் செய்யக்கூடிய பொருள் இது. வெட்டு விளிம்புக்கு மட்டும் தேய்மானம் தாங்கும் கடின எஃகு வேண்டும். அதில் சிக்கனம் பார்த்தால் ஒரே கோடையில் விளிம்பு மழுங்கிவிடும். அகலம் பின்சக்கரங்களின் வெளி ஓரம் வரை இருக்க வேண்டும். இல்லையேல் சமன்செய்த மண்ணில் சக்கரத் தடம் மிஞ்சும். எடையைக் குறைத்து மலிவாகச் செய்தால் இறுகிய நிலத்தில் பெட்டி மிதக்கும்.

கருவியைவிட அரிதானது அதை ஓட்டும் பழக்கம். பாக்ஸ் பிளேடின் சூட்சுமம் முழுவதும் 'டாப் லிங்க்' எனப்படும் மேல் இணைப்புத் தண்டில் இருக்கிறது. அதைத் திருகிக் குட்டையாக்கினால் பெட்டி முன்சாய்ந்து பற்களும் முன் விளிம்பும் ஆழமாகக் கடிக்கும். நீளமாக்கினால் பின்சாய்ந்து, மண்ணை வெட்டாமல் வழித்து மெழுகும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில்தான் பரப்பும் வேலை நடக்கும். நம் ஓட்டுநர்களில் பலர் டாப் லிங்கை வாங்கிய நாளில் மாட்டியதோடு சரி. அடுத்து அதைத் தொடுவது துரு நீக்கும்போதுதான். ஹைட்ராலிக் நெம்புகோல்களையும் அவசரமாக ஏற்றி இறக்கினால் நிலம் அலை அலையாக ஆகிவிடும். அரை நாள் செயல்விளக்கம் போதும், இவை எல்லாம் கைக்கு வந்துவிடும். அந்த அரை நாளை யார் தருவது என்பதே கேள்வி.

இக்கருவியால் ஆகாதவையும் உண்டு. சேற்று வயலில் இது புதையும். பாறையும் மரவேரும் நிறைந்த நிலத்தில் பற்கள் வளையும். ஐம்பது மீட்டருக்கு அப்பால் மண் கொண்டுசெல்ல டிப்பரே ஏற்றது. பின்புற விளிம்பால் பின்னோக்கி மண்ணைத் தள்ளலாம் என்றாலும், புல்டோசர் என்று எண்ணிக்கொண்டு மேட்டில் மோதினால் கீழ்க் கைகள் வளைந்து, மிச்சம் பிடித்த பணம் பழுதுக்குப் போய்விடும். ஏரிக்கரைச் சரிவிலும் கிணற்று ஓரத்திலும் டிராக்டர் கவிழ்ந்து உயிர் போவது நம் செய்தித்தாள்களில் வாராவாரம் வரும் செய்தி. அங்கே எந்தக் கருவியையும் மாட்டிக்கொண்டு போகலாகாது.

தமிழக வேளாண் பொறியியல் துறை புல்டோசர்களையும் டிராக்டர்களையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறது. வட்டாரம்தோறும் வாடகை மையங்கள் மானியத்தோடு அமைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு மையத்திலும் ஒரு பாக்ஸ் பிளேடு இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிப்பதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. வண்டல் அனுமதி வழங்கும் பட்டியலும், வாடகை மையங்களின் பட்டியலும் இரண்டு துறைகளிடம் தனித்தனியே இருக்கின்றன. அவற்றை ஒன்றோடு ஒன்று இணைத்தால், எந்த ஊரில் எத்தனை ஏக்கரில் எந்த வாரம் மண் நிரவ வேண்டியிருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் நாள் ஜூன் 12. அதற்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில்தான் காவிரிப் படுகையில் மண் காய்ந்து, கருவி இறங்கக் கூடியதாக இருக்கும். ஏரிகள் வற்றி வண்டல் எடுக்க முடிவதும் அதே மாதங்களில்தான். டிராக்டர்கள் தார்ப்பாய்க்குள் கிடப்பதும் அப்போதுதான். பட்டறையில் இப்போது சொல்லிவைத்தால், சித்திரைக்குள் பெட்டி தயாராகிவிடும்.